லண்டனிலும் ஒரு செத்த காலேஜ்

பெட்டி மூட மறுத்தது. அதன் மேல் நான் ஏறி உட்கார, மனைவி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். சோபாவிலிருந்து அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, லண்டன்ல செத்த காலேஜ் இருக்கா?"

மனைவிக்குக் கோயமுத்தூர். ஜிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இது பழைய மெட்ராஸ் பாஷை. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்'. மூச்சு விடுவதெல்லாம் அங்கே, பாடம் பண்ணி வைத்ததெல்லாம் இங்கே. உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. செத்த காலேஜ் மட்டும் பாந்தியன் சாலையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"இருக்கும்மா. நம்மளோடதவிடப் பெருசு."

"அப்ப புள்ளைய அங்க கூட்டிட்டுப் போ. மத்ததெல்லாம் கட்டடம்தானே!"

என்னிடம் ஒரு எக்ஸெல் பட்டியல் இருந்தது. எட்டு நாள், 31 இடம். நாளுக்கு நான்கு, கடைசி நாள் மட்டும் போனால் போகிறதென்று மூன்று. திறக்கும் நேரம், டிக்கெட் விலை, பக்கத்து ஸ்டேஷன் எல்லாம் கலர் கலராகக் குறித்திருந்தேன். ஏழு வயதுப் பெண்ணுக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும், எந்தப் படியில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்பாள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ஊர் திரும்பியபோது 31-ல் 12 பார்த்திருந்தோம். அம்மா சொன்ன ஒற்றை வரிதான் பயணத்திட்டமாக நின்றது.

பள்ளி வேன் வரும் நேரம்

2024 மே மாதம். பள்ளிக்கூட லீவில்தான் போக முடியும் என்பதால் எல்லாத் தமிழ்க் குடும்பங்களையும்போல நாங்களும் கத்திரி வெயிலில் கிளம்பினோம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் பெட்டிக்குள் போயின. நெய் போகவில்லை. பால் பொருட்களும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கையில் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் சேர்த்தி என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. "நெய்யில என்ன குண்டா வெச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். ரைஸ் குக்கர் வேண்டவே வேண்டாம் என்றவன் நான். நான்காம் நாள் அதனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மே மாதத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. முதல் ராத்திரி மூன்றரைக்கு மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சென்னையில் அப்போது எட்டு மணி, பள்ளி வேன் வரும் நேரம். உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்துக்கு லீவு என்றால் தெரியாது. "அப்பா, விடிஞ்சிடுச்சா?" "இல்லம்மா." ஐந்து நிமிடம். "இப்ப?" ஐந்து மணிக்கு உண்மையாகவே விடிந்தது. அங்கே சிக்கல் சாயங்காலத்தில்தான். ஒன்பது மணி ஆகியும் ஜன்னலில் வெளிச்சம். "சாயங்காலமே முடியல, எப்படித் தூங்கறது?" என்றாள். இந்த வாதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

சண்டை போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சரணடைந்தோம். காலை ஏழுக்கே தெருவில் இறங்கிவிடுவது, நாலு மணிக்கு மேல் மியூசியம், கோட்டை என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஏதாவது ஒரு பூங்காவில் விட்டுவிடுவது. லண்டனில் பூங்காவுக்குப் பஞ்சமில்லை. செயின்ட் ஜேம்ஸ் பூங்கா ஏரியில் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. 1664-ல் ரஷ்யத் தூதர் அன்றைய ராஜாவுக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அங்கே கூழைக்கடா வளர்க்கிறார்களாம். பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். கூழைக்கடாவை வேடந்தாங்கலில் பைனாகுலரில் தேடித் தேடிப் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே அது மகளின் பிஸ்கெட் பாக்கெட்டை எட்டிப் பார்த்தது. பக்கிங்ஹாம் அரண்மனை அங்கிருந்து கூப்பிடு தூரம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டிதான் ஊர்

என் பட்டியலில் 'போக்குவரத்து' என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே வீணாகும் நேரம். மகளுக்கு அதுதான் ஊர். இடங்கள் எல்லாம் வண்டியிலிருந்து இறங்க வேண்டியிருக்கிற தொல்லைகள்.

பதினொரு வயதுக்குக் கீழே என்றால் லண்டன் பஸ்ஸிலும், பெரியவர் கூட இருந்தால் பாதாள ரயிலிலும் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு பஸ் கட்டணம் அப்போது 1.75 பவுண்டு, கிட்டத்தட்ட 185 ரூபாய். ஆனால் ஒருமுறை கார்டைத் தட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். கண்டக்டரும் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை. டிரஃபால்கர் சதுக்கத்தில் 15-ம் நம்பர் பஸ்ஸில் ஏறி, மாடியில் முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால், செயின்ட் பால் தேவாலயத்தைத் தாண்டி லண்டன் டவர் வரை கொண்டுபோய் விடுகிறது. ஊர் சுற்றிக்காட்டும் சொகுசு பஸ்களுக்குக் கொட்டிக்கொடுக்கும் காசில் பாதிக்கு மேல் அந்த முன் சீட்டுக்குத்தான் போகிறது என்பது என் கட்சி. மரக்கிளை கண்ணாடியில் உரசும்போதெல்லாம் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாதாள ரயில் 1863-ல் ஓட ஆரம்பித்தது. உலகத்திலேயே முதல். அந்தப் பழமைக்குப் பெற்றோர் கொடுக்கும் விலை படிக்கட்டு. படியே ஏறாமல் தெருவிலிருந்து பிளாட்ஃபாரம் போகும் வசதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஸ்டேஷன்களில்தான் இருக்கிறது. தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் பஸ்ஸே கதி. தூங்கிவிட்ட ஏழு வயதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவன் சொல்கிறேன், அவர்களுக்கும் அதேதான்.

'மைண்ட் த கேப்' என்ற அறிவிப்பு மகளுக்கு மந்திரமாகிவிட்டது. அதை விதவிதமான குரலில் சொல்லிப் பார்த்தாள். எம்பாங்க்மென்ட் ஸ்டேஷனில் ஒரு பிளாட்ஃபாரத்தில் மட்டும் அந்தக் குரல் வேறு. ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் பேசிப் பதிவு செய்தது. அவர் 2007-ல் இறந்துபோனார். அவருடைய மனைவி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அந்த ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் குரல் மாறிவிட்டது, புது மெஷின் வந்துவிட்டது. அவர் போய்க் கேட்டார். 2013-ல் அந்த ஒரு பிளாட்ஃபாரத்தில் மட்டும் பழைய குரலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதை மகளுக்குச் சொன்னேன். அடுத்து வந்த இரண்டு ரயிலில் ஏறாமல் நின்று கேட்டாள். அதன் பிறகு கிண்டல் குரலில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இந்த ரயிலில்தான் எங்களுக்கும் கேப் விழுந்தது. நானும் மகளும் ஏறிவிட்டோம், கதவு மூடிவிட்டது, மனைவி வெளியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் பின்னால் நகர்ந்துபோனதை மறக்க முடியாது. நல்லவேளையாக முதல் நாளே பேசி வைத்திருந்தோம்: பிரிந்தால், ஏறியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்பது, விட்டவர் அடுத்த ரயிலில் வருவது. மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்தார். "அம்மா தொலைஞ்சுபோயிட்டா" என்று மகள் அன்று முழுக்கப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய ஊருக்குப் பிள்ளையோடு போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒப்பந்தத்தை மறக்க வேண்டாம்.

லண்டன் ஐ ராட்சத ராட்டினம்? மூன்று பேருக்கு டிக்கெட் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்த மனைவி, ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று கீழிருந்து பார்த்தோம். 135 மீட்டர் உயரம், 32 பெட்டிகள், ஆனால் கடைசிப் பெட்டியின் நம்பர் 33. பதின்மூன்றாம் நம்பரை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார்கள். ராகுகாலம் பார்த்துப் பெட்டி கட்டிய எங்களுக்கு அதில் ஒரு ஆறுதல்.

செத்த பக்கம், உயிர் பக்கம்

சவுத் கென்சிங்டனில் இருக்கிற நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் சயின்ஸ் மியூசியத்துக்கும், எதிரே இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கும்கூட இல்லை. பிள்ளையோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது உள்ளே போன அரை மணி நேரத்தில் தெரியும். காசு கொடுத்து நுழைந்திருந்தால் 'இன்னும் ஒரு ஹால் பாக்கி இருக்கு, வா' என்று இழுத்திருப்போம். இலவசம் என்பதால் டைனோசரைப் பார்த்துவிட்டு வெளியே போய் சாண்ட்விச் தின்றுவிட்டுத் திரும்ப வந்தோம். மறுநாளும் வந்தோம்.

வாசலைத் தாண்டியதும் பெரிய கூடம். தலைக்கு மேல் ஒரு நீலத்திமிங்கலத்தின் எலும்புக்கூடு, 25.2 மீட்டர், வாயைத் திறந்து நம்மை நோக்கிப் பாய்வதுபோலத் தொங்குகிறது. 1891-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையில் ஒதுங்கிய திமிங்கலம். 2017-ல் இந்தக் கூடத்துக்கு வந்தது. 'ஹோப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகள் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். நான் பதறி எழுப்பப் போனேன். சுற்றிப் பார்த்தால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அதேபோலப் படுத்திருந்தன. அந்தக் கூடத்தைப் பார்க்க வேண்டிய விதமே அதுதான் போலிருக்கிறது. நின்று பார்க்கிற நமக்குத்தான் கழுத்து வலிக்கிறது.

படுத்தபடியே அவள் கண்டுபிடித்தது: "அப்பா, தூண்ல குரங்கு ஏறுது!" ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் என்பவர் வரைந்து, 1881-ல் திறந்த கட்டடம் இது. சுவர், வளைவு, தூண் எல்லாவற்றிலும் சுடுமண்ணில் மிருகங்கள். அவற்றுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மியூசியத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன் பிடிவாதமாக, இன்றும் வாழும் உயிர்களை மேற்குப் பக்கத்திலும் அற்றுப்போனவற்றைக் கிழக்குப் பக்கத்திலும் செய்யச் சொன்னார். 'டைனோசர்' என்ற பெயரை உண்டாக்கியவரும் அவர்தான். இதைப் படித்ததும் நடுக்கூடத்தில் நின்றுகொண்டே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "அம்மா, இங்க ஒரே கட்டடத்துல இந்தப் பக்கம் உயிர் காலேஜ், அந்தப் பக்கம் செத்த காலேஜ்." அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அப்படித்தானே வெப்பாங்க?" என்றார்.

ஆனால் தலையாட்டி உறுமுகிற பொம்மை டி-ரெக்ஸ் இப்போது மேற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் முன்னால் ஏழு வயதுவரை வீரமாக வந்தவர்கள் பலர் அப்பா தோளுக்கு ஏறியதைப் பார்த்தேன். என் தோளுக்கும் ஒருத்தி ஏறினாள்.

"இது யாரோடது?"

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லண்டன் மியூசியங்களுக்குள் போகும் எந்த இந்தியப் பெற்றோரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. விக்டோரியா ஆல்பர்ட்டில் திப்புவின் புலி முன்னால் அது மெதுவாக ஆரம்பித்தது. வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடித்துக் குதறும் மரப்புலி. வயிற்றுக்குள் ஆர்கன் குழாய்கள். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துவந்தது. "அவங்களையே கடிக்கிற பொம்மைய அவங்களே ஏன் வெச்சிருக்காங்க?" என்றாள். நல்ல கேள்வி. நானும் கேட்டுக்கொண்டேன்.

லண்டன் டவரில் முதலில் காக்கா. அங்கே அண்டங்காக்கைகளை வளர்க்கிறார்கள். அவை போய்விட்டால் ராஜ்ஜியமே கவிழும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் ஆறுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்வதற்கென்றே பதவியும் உண்டு. சாப்பாடு பச்சை மாமிசமும் ரத்தத்தில் நனைத்த பிஸ்கெட்டும். அமாவாசைக்கு அமாவாசை மொட்டைமாடியில் பாட்டி 'கா கா' என்று கூப்பிட்டும் வராத காக்காயை நினைத்து மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிறகு நகைக்கூடம். கிரீடங்களுக்கு முன்னால் யாரும் நின்றுவிடாதபடி தரையே நகர்கிறது. ஏர்போர்ட்டில் இருக்குமே, அந்த மாதிரி நகரும் பாதை. மகளுக்கு அது ராட்டினம். இறங்கியதும் ஓடிப்போய்த் திரும்ப ஏறினாள். இரண்டாம் சுற்றில் கோஹினூரைக் காட்டினேன். 105.6 காரட், 1937-ல் செய்த ஒரு ராணியின் கிரீடத்தில் பதித்திருக்கிறது.

"இது யாரோடது?"

"ராணியோடது."

"அதுக்கு முன்னாடி?"

"பஞ்சாப்ல துலீப் சிங்னு ஒரு மகாராஜா."

"அவர் ஏன் குடுத்தார்?"

1849 லாகூர் உடன்படிக்கையை ஏழு வயதுக்கு எப்படிச் சொல்வது? "அவருக்கு அப்ப பத்து வயசும்மா. கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

பாதை நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அவங்க அம்மா எங்க போயிருந்தாங்க?"

ராணி ஜிந்த் கவுரை அதற்கு முன்பே மகனிடமிருந்து பிரித்து வேறு ஊரில் அடைத்து வைத்திருந்தார்கள். எத்தனையோ கட்டுரைகளில் கோஹினூரைப் பற்றிப் படித்திருக்கிறேன். வைரம் எத்தனை காரட் குறைந்தது என்று கேட்கத் தோன்றியதே தவிர, இதைக் கேட்கத் தோன்றியதில்லை. சொன்னேன். மகள் இறங்கி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். மூன்றாம் சுற்று போகவில்லை.

இதுவரை நான் வசதியாக ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எடுத்தவர்கள் அவர்கள், இழந்தவர்கள் நாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் அது கலைந்தது. ஆசியக் கூடத்தின் கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் அமராவதிச் சிற்பங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பௌத்தத் தூபியின் பலகைகள், பூப்பூவாக, சிங்கமும் பக்தர்களுமாக. மகள் பார்த்ததும் நின்றாள்.

"இது நம்ம செத்த காலேஜ்ல இருக்கே! யானை எங்க?"

எழும்பூரில் ஒரு வட்டக் கல் இருக்கிறது. மதம் பிடித்து ஓடிவரும் நளகிரி யானை, அதே கல்லில் புத்தர் முன் மண்டியிடும் அதே யானை. பாட்டியோடு போகும்போதெல்லாம் அவள் அதன் முன் நிற்பாள். "யானை நம்ம ஊர்ல, மீதி இங்க" என்றேன். வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845-ல் தோண்டியெடுத்த கற்கள் மெட்ராஸுக்கு வந்து, சில வருடம் வெட்டவெளியில் கிடந்து, 1859-ல் கப்பலேறின. பின்னால் தோண்டியதில் பெரும்பகுதி எழும்பூரிலேயே தங்கிவிட்டது.

"அப்ப இது நம்மளோடது."

"ஆமாம்... இல்ல. அமராவதி ஆந்திராவுல இருக்கு."

"அப்ப எழும்பூர்ல இருக்கறது?"

அதுவும் ஆந்திராவுடையதுதான். ஒரே ராஜதானியாக இருந்தபோது வந்தது என்று ஆரம்பித்தேன். ராஜதானி என்றால் என்ன என்று மகள் கேட்டாள். மனைவி கையைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்லப்போகிறேன் என்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டேன்.

உறைப்பு

நான்காம் நாள் மத்தியானம், சாண்ட்விச்சைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். அன்று ராத்திரி ரைஸ் குக்கரில் குழையக் குழையச் சோறு, பக்கத்துக் கடைத் தயிர். மறுநாள் ரயில் ஏறி ஈஸ்ட் ஹாம் போனோம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கினால் தமிழ்ப் பலகைகள், மல்லிகைப்பூ, முருங்கைக்காய். பாதிக் கடைகள் ஈழத் தமிழர்களுடையவை. ஒரு சின்னக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த அம்மா மகளைப் பார்த்துக் குனிந்து கேட்டார்: "என்ன வேணும் குஞ்சு? உறைப்பில்லாமல் போட்டுத் தரட்டோ?"

மகள் என்னைப் பார்த்தாள். எட்டு நாளில் அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட ஒரே தமிழ் வாக்கியம் அது. "உறைப்புன்னா காரம்" என்றேன். "அப்ப உறைப்பு வேணும்" என்றாள், புதுச் சொல்லை உடனே பயன்படுத்திவிடும் ஆசையில். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டேன். பருத்தித்துறை என்றார். சென்னை வந்ததுண்டா என்று கேட்டேன். "வந்து மூண்டு வருசம் இருந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பூஜ்ஜியக் கோடு

கடைசி முழு நாள் கிரீனிச். டிஎல்ஆர் ரயிலில் போனால் டிரைவர் கிடையாது, முன் சீட்டில் பிள்ளைகள்தான் ஓட்டுநர். ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கி, தேம்ஸுக்கு அடியில் 1902-ல் திறந்த நடைபாதைக் குகை வழியாக அக்கரை போகலாம். தென்கரையிலிருந்த தொழிலாளிகள் வடகரைக் கப்பல்துறைகளுக்கு நடந்துபோவதற்காகக் கட்டியது. வெள்ளை ஓடு பதித்த நீளக் குழாய். "தலைக்கு மேல ஆறா?" என்று கத்தினாள். குகையும் கத்தியது.

மேட்டின் உச்சியில் 1675-ல் நிறுவிய வானோக்கு நிலையம். தரையில் ஒரு உலோகக் கோடு. இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. 1884-ல் உலக நாடுகள் கூடி இதைத்தான் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டன. மகள் கோட்டின் இரண்டு பக்கமும் காலை வைத்து நின்று, போனில் பூஜ்ஜியம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. போன் பொய் சொல்லவில்லை. செயற்கைக்கோள் அளவையின் பூஜ்ஜியம் அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே, புல்வெளியில் எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்கிறது. உலோகக் கோட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். புல்வெளியில் ஒரு நாய் படுத்திருந்தது.

நம்ம ஊருக்கும் இதேபோல ஒரு நேரம் இருந்தது என்று சொன்னேன். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானோக்கு நிலையம் கணித்துக் கொடுத்த மெட்ராஸ் நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். இந்திய ரயில்கள் அந்த நேரத்தில்தான் நெடுங்காலம் ஓடின. "அந்தக் கோடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். கோடு இல்லை, ஒரு கருங்கல் தூண் இருக்கிறது, காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வானிலை ஆராய்ச்சி மைய வளாகத்துக்குள் இருப்பதால் இன்னும் காட்டவில்லை.

கட்டட உச்சியில் ஒரு சிவப்புப் பந்து. தினமும் பகல் ஒரு மணிக்குச் சரியாக விழும். 1833-லிருந்து, ஆற்றிலிருக்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்காக வைத்தது. 12.55-க்குப் பாதி ஏறியது, 12.58-க்கு உச்சிக்குப் போனது. ஒரு மணி. மகள் அப்போதுதான் ஒரு அணிலைப் பார்த்தாள். பந்து விழுந்தது. "விழுந்துச்சா? திரும்பப் போடச் சொல்லுப்பா."

பாந்தியன் சாலை

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பாட்டியும் பேத்தியும் எழும்பூருக்குக் கிளம்பினார்கள். நான் ஆட்டோ பிடித்துக்கொடுக்கப் போய், நானும் ஏறிக்கொண்டேன். நளகிரி முன்னால் நின்று மகள் பாட்டிக்கு எல்லாவற்றையும் சொன்னாள்: மீதி லண்டனில் இருப்பது, கப்பல், ஆந்திரா.

"அப்ப அவங்க நமக்குத் தரணும், நாம ஆந்திராவுக்குத் தரணுமா?" என்றார் அம்மா.

"அதக் கேட்டா அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றார் பாட்டி."

அம்மா என்னைப் பார்க்காமலே, "வா, திமிங்கலத்தப் பாப்போம்" என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எலும்புக்கூட்டின் முன்னால் போய் நின்று, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "லண்டன்ல இருக்கறது இதவிடப் பெருசாமே?"

மகள் வால் முனையிலிருந்து தலைவரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"பெருசுதான் பாட்டி. ஆனா அதுவும் செத்ததுதான்."